வாக்குக் கொடுத்தவர்

அமெரிக்கக் கல்லூரிகளில் பேஸ்பால் ஆட்டத்துக்கு உதவிப் பயிற்சியாளராகவும், ஆட்டக்காரர்களைத் தேடிச் சேர்ப்பவராகவும் இருப்பவரின் உத்தியோகத்தைப் பற்றி அறியுந்தோறும், பந்து எறியக் கற்பிப்பது அதில் சிறு பகுதியே என்றும், பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுப்பதே பெரும் பகுதி என்றும் எனக்குத் தோன்றுகிறது. கோடை முழுவதும் ஊர் ஊராய் அலைந்து, மைதானத்துக் கம்பிவேலிக்குப் பின்னே வேகமானியும் குறிப்பேடுமாய் அமர்ந்து, பதினாறு பதினேழு வயதுப் பையன்களில் எவன் தேறுவான் என்று அநுமானித்து, பின்பு பெற்றோரிடம் நயமாய்ப் பேச வேண்டியவர் அவர். கையில் இருந்ததோ சொற்பம். முதல் பிரிவுக் கல்லூரி ஒன்று பேஸ்பாலுக்கென நெடுங்காலம் வழங்க முடிந்த உதவித்தொகை 11.7 பேருக்கு உரியது மாத்திரமே. அதை இருபத்தேழு பேர் வரையில் கூறுபோட்டு, ஒருவனுக்குக் கால், மற்றொருவனுக்கு அரை என்று கொடுத்து, எஞ்சிய குறையை வார்த்தையால் நிரப்ப வேண்டியிருந்தது. 2023 வரையில் உதவியாளர்களில் ஒருவர் சம்பளமே இன்றித் தொண்டராய் உழைத்தார் என்பதையும் சேர்த்து நினைத்தால், இந்த ஜீவனத்தை விரும்பி ஏற்பவர்மீது எனக்கு மரியாதையே உண்டாகிறது.

ஆயினும் ஒரு தர்மசங்கடம் உண்டு. தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டால் உதவியாளரும் பெரும்பாலும் மூட்டை கட்டுகிறார். மேலான பதவி வந்தாலும் கட்டுகிறார். அவர் பேச்சை நம்பி வந்த பையனோ அங்கேயே நிற்கிறான். 2021 வரையில், அவனும் அதே தரத்து வேறொரு கல்லூரிக்கு மாறினால் பொதுவாக ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும் என்பது விதி. வாக்குக் கொடுத்தவருக்கு அப்படிப்பட்ட விரதம் எதுவும் விதிக்கப்படவில்லை!

எங்கள் ஊராகிய பெண்ணாடத்தில் பேஸ்பால் மட்டையைக் கண்டவர் அரியர். ஆனால் பொங்கலையொட்டிக் கபடி நடக்கும் நம் பக்கத்துக் கிராமங்களில், கல்லூரி விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ப்பதற்குப் பையன்களை நோட்டமிட வரும் உடற்கல்வி இயக்குநர் அந்த அமெரிக்கருக்குச் சகோதரரே. “ஹாஸ்டல், ஃபீஸ் எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்மா, தைரியமா அனுப்புங்க” என்பார் அவர். “சார், உங்கள நம்பித்தான் அனுப்புறேன்” என்பாள் கரும்பு வெட்டப் போகும் தாய். அவர் ‘நாங்கள்’ என்றது கல்லூரியை; அவள் நம்பியது எதிரே நிற்கும் மனிதரை. இருவரும் பொய் சொல்லவில்லை. எனினும் அடுத்த ஆண்டு நிர்வாகம் கபடி அணியைக் கைவிடலாம், அல்லது அவரே வேறு கல்லூரிக்குப் போய்விடலாம். முழங்கால் பிசகிய பையன் விடுதிக் கட்டணத்துக்கு யாரிடம் போய் நிற்பான்?

சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து வீசிக்கொண்டிருந்த கிரிக்கெட் வீரர் நடராஜனை இனங்கண்டு சென்னைக்கு அனுப்பிய ஜெயப்பிரகாஷ், அதை உத்தியோகமாகச் செய்தவர் அல்லர், அதே ஊர்க்காரர். 2020–21 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் மூன்று வகைப் போட்டிகளிலும் அறிமுகமான அந்த வீரர், சட்டை முதுகில் ‘ஜேபி நட்டு’ என்று பொறித்துக்கொண்டு ஆடியதுண்டு. ஆனால் எல்லாக் கல்லூரிக்கும் ஒரு ஜெயப்பிரகாஷ் கிடைப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயம் அன்று; சம்பளத்துக்கு உழைப்பவர் சம்பளம் உள்ள இடத்துக்குத்தான் போவார்.

போவதே குற்றம் என்றும் நான் கருதவில்லை. எங்கள் பெண்ணாடத்து அச்சுத களப்பாளரின் குழந்தை திருவெண்ணெய்நல்லூரில் மாமன் வீட்டில் வளர்கையில், அவ்வழியே சென்ற பரஞ்சோதி முனிவர் அதன் பக்குவம் கண்டு உபதேசித்து, மெய்கண்டார் என்று நாமமும் சூட்டினார் என்பது சைவ மரபு. முனிவரும் தம் வழியே போனவர்தாம். ஆனால் கொடுக்க வேண்டியதை முழுவதும் கொடுத்துவிட்டுப் போனார், நாளைக்கென்று பாக்கி வைக்கவில்லை. நம் பயிற்சியாளர் கொடுப்பதோ முழுவதும் நாளைய சரக்கு.

என் வீட்டுப் பிள்ளையை யாரேனும் கேட்டு வந்தால், கோப்பைகளையும் வேலைவாய்ப்பையும் விசாரிக்குமுன், “மூன்று வருஷமும் நீங்கள் அங்கே இருப்பீர்களா?” என்றுதான் கேட்பேன். இருப்பேன் என்று உடனே சத்தியம் செய்பவரைவிட, சற்றுத் தயங்கி, தாம் இல்லாவிட்டால் எவரிடம் போக வேண்டும் என்பதைக் கல்லூரியின் கடிதத்தில் எழுதி வாங்கித் தருபவரோடு அனுப்பவே எனக்குச் சம்மதம்.