பாத்திரம் அறிதல்

1897-ஆம் ஆண்டு. வங்காளத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்தில் கங்கைக் கரையோரமாக நடந்து சென்றுகொண்டிருந்தார் சுவாமி அகண்டானந்தர். தாத்பூர் என்ற ஊரில் இஸ்லாமியச் சிறுமி ஒருத்தி உடைந்த குடத்தின் அருகே நின்று அழுதுகொண்டிருந்தாள். வீட்டில் வேறு குடம் இல்லை. வெறுங்கையுடன் திரும்பினால் தாய் அடிப்பாள் என்ற அச்சம். சுவாமிகள் தம்மிடம் இருந்த சொற்பக் காசில் அவளுக்குப் புதுக் குடம் ஒன்றும் சிறிது பொரியும் வாங்கித் தந்தார். அதைக் கண்டதும் பசியால் மெலிந்த குழந்தைகள் பலர் வந்து அவரைச் சூழ்ந்துகொண்டனர். அவ்வாண்டு மே 15-ஆம் நாள் மஹுலாவில் அவர் தொடங்கிய பஞ்ச நிவாரணமே ராமகிருஷ்ண மிஷனின் முதல் முறையான துயர்துடைப்புப் பணியாக அமைந்தது.

அப்பெரும்பணிக்கு வித்திட்டது ஒரு மண்குடம் என்பது சிந்திக்கத்தக்கது. சுவாமிகள் தாம் கொடுக்க விரும்பியதைக் கொடுக்கவில்லை. அவள் இழந்ததைக் கொடுத்தார்.

கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில் சாத்துவிக தானத்தை விளக்கும் பகவான், கைம்மாறு கருதாமையைச் சொன்னதோடு நிறுத்திவிடவில்லை. தேசம், காலம், பாத்திரம் ஆகிய மூன்றையும் உடன் சேர்க்கிறார். பாத்திரம் என்றால் பெறுபவரின் தகுதி என்று பொருள்கொண்டு, ‘இவருக்குக் கொடுக்கலாமா?’ என்று ஆராய்வதிலேயே பலர் நின்றுவிடுகின்றனர். ஆனால் கிராமங்களை வெள்ளம் சூழும்போது அந்த மூன்றும் கொடுப்பவரை நோக்கியே கேள்விகளாக எழுகின்றன. இடத்தை அறிந்தாயா? வேளையை அறிந்தாயா? ஆளை அறிந்தாயா?

2008-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தின் குசஹா என்னுமிடத்தில் கோசி நதியின் கிழக்குக் கரை உடைந்தது. நெடுங்காலத்திற்கு முன் தான் விட்டு விலகிய பழைய தடங்களில் நதி பாய்ந்தது. பீகாரின் சுபௌல், மதேபுரா, அராரியா, சஹர்சா, பூர்ணியா மாவட்டங்களில் 30 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். விநாடிக்கு 9.5 இலட்சம் கனஅடி நீரைத் தாங்குமென அமைக்கப்பட்ட கரை அது. உடைந்த அன்று ஆற்றில் ஓடியதோ ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் கனஅடியே. ஆகவே அதை இயற்கையின் சீற்றம் என்று மட்டும் கூறி ஆறுதல் கொள்வதற்கில்லை. கரையைப் பேணாத மனிதரின் அசட்டையும் அதில் உண்டு.

கோசியின் இரு கரைகளுக்கும் இடையே வாழும் மக்கள் ஆண்டுதோறும் வெள்ளத்தைக் காண்பவர்கள். அவர்களிடம் படகு உண்டு. நீரின் நிறம் மாறும்போதே புறப்படத் தெரியும். கரைக்கு அப்பால் வாழ்ந்தவர்களோ அரை நூற்றாண்டாகக் கரையை நம்பியவர்கள். அவர்களிடம் படகு இல்லை; வெள்ளம் வந்தால் எந்த மேட்டில் ஏறுவது என்ற நினைவும் மங்கியிருந்தது. பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற எண்ணமே விழிப்பைக் கெடுத்தது. (ஆன்மிக சாதகர்களுக்கும் இது நேர்வதுண்டு.) 2024 செப்டம்பர் இறுதியில் கோசி அணையிலிருந்து 6.61 இலட்சம் கனஅடி நீர் திறந்துவிடப்பட்டபோது பீகாரில் மீண்டும் சில இடங்களில் கரைகள் உடைந்தன.

அடுத்தது காலம். நீர் சூழ்ந்த ஊரில் உலர்ந்த விறகு கிடைக்காது. முதல் நாட்களில் அரிசி மூட்டையைக் கொண்டு இறக்கினால் அதை வைத்துக்கொண்டு ஒரு தாய் என்ன செய்வாள்? அவலும் வெல்லமும் வறுத்த கடலைமாவுமே அப்போது அன்னம். அடிகுழாய்கள் மூழ்கிவிடுவதால் எங்கும் நீர் இருந்தும் குடிக்க நீர் இல்லை. பெண்கள் இயற்கைக் கடனைக் கழிக்க ஒதுக்கிடமின்றி இருட்டும்வரை காத்திருக்கின்றனர். அதற்கஞ்சி உண்பதையும் குடிப்பதையும் குறைத்துக்கொள்கின்றனர். பொருள் அனுப்புவோரின் பட்டியலில் இது இடம்பெறுவது அரிது. பழைய துணி மூட்டைகளோ தேவைக்கு மேல் வந்து குவிகின்றன.

நீர் வடியத் தொடங்கும்போது வண்டிகளும் திரும்பிவிடுகின்றன. துயரின் நீண்ட பகுதி அப்போதுதான் ஆரம்பமாகிறது. வயல் இருந்த இடத்தில் மணல் மேடு கிடக்கிறது. கார்த்திகையில் கோதுமை விதைக்க வேண்டும். விதை நெல்லோடு விதைக் கோதுமையும் வெள்ளத்தோடு போயிற்று. நிலத்திற்கான இழப்பீடு பத்திரம் வைத்திருப்பவருக்குக் கிடைக்கும். அந்நிலத்தை வாரத்திற்கு உழுதவன் தன் பயிரை இழந்ததற்கு எந்தத் தாளைக் காட்டுவான்?

இனி, பாத்திரம். நிவாரணப் படகு எங்கே போய் நிற்கிறது? கரை மேட்டில், கை நீட்ட வல்லவர்கள் கூடியுள்ள இடத்தில். ஊரின் தாழ்ந்த நிலத்தில் குடியிருப்பவர்கள் பெரும்பாலும் எளிய மக்கள். நீர் முதலில் புகுவதும் கடைசியில் வடிவதும் அங்கேதான். வரிசைக்கு வர இயலாத முதியவர், அந்நியர் முன் வர நாணும் இளம்பெண், பசுவை விட்டு வரமாட்டேன் என்று கூரைமேல் அமர்ந்திருக்கும் குடியானவன் ஆகியோரும் படகின் கண்ணில் படுவதில்லை. அந்தக் குடியானவனை அறிவிலி என்று கடிந்துகொள்வோர் உண்டு. அவனுடைய சேமிப்பு முழுவதும் அந்தப் பசுதான் என்பதை அறிந்தவர் தீவனத்தையும் கொண்டுவந்து, பசுவுக்கும் மேட்டில் இடம் தேடித் தருவார்.

உயிர்களிடம் தயை காட்டுவது பற்றிய பேச்சு 1884-இல் ஒருநாள் தட்சிணேசுவரத்தில் எழுந்தபோது, தயை காட்ட மனிதன் யார் என்று கேட்டார் பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர். சிவமென்று உணர்ந்து சேவை செய்வதையே அவர் வற்புறுத்தினார். அருகிலிருந்த நரேந்திரர் அதை நெஞ்சில் வாங்கிக்கொண்டார். கடைக்கோடிக் குடிசையில் இருப்பவர் சிவபெருமான் என்றால், நைவேத்தியத்தைச் சாலையில் வைத்துக்கொண்டு ‘வந்து வரிசையில் நில்’ என்று அவருக்குச் சொல்லியனுப்புவது எத்தகைய பூஜை? அவர் கைநீட்டும் கணத்தைப் புகைப்படம் எடுத்துக்கொள்வதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

ஆகவேதான் அனுபவமுள்ள தொண்டர்கள் பொருள் வழங்கும் நாளுக்கு முன்பே இடுப்பளவு நீரில் வீடு வீடாகச் செல்கின்றனர். எத்தனை பேர், யார் நோயாளி, யாருக்குக் கைக்குழந்தை, எந்த வீட்டில் பாத்திரமே மிஞ்சவில்லை என்று கேட்டு, சீட்டு எழுதித் தருகின்றனர். தமிழில் பாத்திரம் என்ற சொல் இரண்டையும் குறிப்பது அங்கே பொருத்தமாகிவிடுகிறது. நடந்து, கேட்டு, எழுதும் அந்த நாளில் ஒருபிடி அரிசிகூட வழங்கப்படுவதில்லை. எனினும் வழிபாடு அன்றே தொடங்கிவிடுகிறது.

முர்ஷிதாபாதில் பஞ்சம் தணிந்தது. கங்கைக்கரை வழியே போய்க்கொண்டிருந்த சுவாமி அகண்டானந்தர் தம் பயணத்தைத் தொடரவில்லை. திக்கற்ற சிறுவர்களைச் சேர்த்துக்கொண்டு மஹுலாவிலேயே தங்கினார். அவர்களுக்கான ஆசிரமம் பின்னர் சர்காச்சிக்கு மாறியது. 1937-இல் அவர் மறையும்போது, அந்தக் குடத்தை வாங்கித் தந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.