உண்ணக் கொடுங்கள்



இறந்த பன்னிரண்டு வயதுச் சிறுமியை, யாயீரின் மகளை, ஆண்டவர் உயிர்ப்பித்தார். வீட்டார் மெய்மறந்து நின்றார்கள். அவரோ, பிள்ளைக்கு உண்ணக் கொடுக்கும்படி பணித்தார். மாற்கு நற்செய்தியின் 5ஆம் அதிகாரம் இவ்வாறே முடிகிறது. உயிர் கொடுத்தவர் ஆண்டவர். உணவு கொடுப்பது வீட்டாரின் கடன்.

இருதயம் பலவீனமுற்று, வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும் நம் தாய் தந்தையர்க்கும் இக்கடன் நமக்குண்டு. உப்பு மிஞ்சினால் அவர்கள் உடலில் நீர் தேங்கும்; கால் வீங்கும், மூச்சு முட்டும். ஆகவே கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் என்பவற்றை விலக்குவோம். தேசிக்காய், மிளகு, உள்ளி, கறிவேப்பிலை ருசி தரும். சிறுகச் சிறுகப் பல தடவை கொடுப்போம். குடிக்கும் நீரின் அளவுக்கு வைத்தியர் சொல்லைக் கேட்போம். காலைதோறும் நிறை பார்த்து, மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் உடனே அவரிடம் சொல்வோம்.

ஆனால், நோயாளிக்குச் சப்பென்ற கறியும் மற்றவர்க்கு மணக்க மணக்கக் கருவாட்டுக் குழம்புமா? அவர் மனம் நோகாதா? இரக்கப்பட்டு ஒரு துண்டு ஊறுகாய் வைப்பதும் அன்பன்று. சுகதேகிக்கும் நாளுக்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்பே தகும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். ஆதலால் ஒரே பானையில் உப்பைக் குறைத்துச் சமைத்து, ஒன்றாயமர்ந்து செபித்து உண்போம். ஒறுத்தல் தவக்காலத்துக்கு மட்டும் உரியதன்று. உலகிற்கு உப்பாயிருக்க அழைக்கப்பட்டவர்கள் நாம். நோயுற்றவருக்காக நம் தட்டில் உப்பைக் குறைக்கும்போது அவ்வழைப்புக்குச் செவிகொடுக்கிறோம்.