மடிச்சு பஸ்ல ஏறிடுங்களேன்

மடக்கு சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் விலையைப் பார்ப்பார்கள், எடையைப் பார்ப்பார்கள். நான் அளவு நாடாவோடு போனேன். நீளம் 120, உயரம் 70, அகலம் 40 சென்டிமீட்டர். மடித்த பிறகு இதற்குள் அடங்கினால்தான் எம்ஆர்டியிலும் பஸ்ஸிலும் கொண்டுபோகலாம். 2016 டிசம்பருக்கு முன்னால் கூட்ட நேரத்தில் அதற்கும் அனுமதி கிடையாது. இப்போது நாள் முழுக்க ஏற்றலாம்.

எங்கள் இளைஞர் பிரிவின் ஒருநாள் சவாரிக்கு மடக்கு சைக்கிளைத் தேர்ந்தெடுத்ததற்கும் இதுதான் காரணம். அறிவிப்பை எழுதியது நான். "வயசு தடையில்லை. வேகம் முக்கியமில்லை. முடியலையா? மடிச்சு பஸ்ல ஏறிடலாம்!" அந்தக் கடைசி வரி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் அப்பாவும் பெயர் கொடுத்தார்.

ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழரைக்கு கடோங் பார்க் எம்ஆர்டி வாசலில் ஒன்பது பேர் சேர்ந்தோம். ஈஸ்ட் கோஸ்ட் பார்க் வழியாக சாங்கி வில்லேஜ் வரை ஏறக்குறைய 20 கிலோமீட்டர். அங்கே ஸ்ரீ ராமர் கோயிலில் கும்பிட்டுவிட்டு, உணவங்காடியில் சாப்பிட்டுவிட்டு, சைக்கிளை மடித்துக்கொண்டு பஸ்ஸில் திரும்புவது. அவ்வளவுதான் திட்டம்.

என்னுடையது 20 அங்குலச் சக்கரம், எட்டு கியர். அப்பாவுடையது அவர் கேரோசெல்லில் வாங்கிய 16 அங்குலம், ஒரே கியர். சின்னச் சக்கரம் என்றாலே மெதுவாகத்தான் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. பெரிய பல்சக்கரம் போட்டு அதைச் சரிக்கட்டிவிடலாம், பிராம்ப்டன்காரர்கள் 16 அங்குலச் சக்கரத்தை வைத்துக்கொண்டுதான் உலகம் சுற்றுகிறார்கள். ஆனால் அப்பாவின் சைக்கிளில் சரிக்கட்ட எதுவுமில்லை. நான் நாலு மிதி மிதித்தால் அவர் அஞ்சு, ஆறு மிதிக்க வேண்டும். அவருக்கு வயது 58. அதற்கு முந்தின நாள்தான் இரவு ஷிப்ட் முடித்திருந்தார்.

பிடோக் ஜெட்டியில் முதல் நிறுத்தம். நாங்கள் படம் எடுத்தோம், தண்ணீர் குடித்தோம், கால் நீட்டி உட்கார்ந்தோம். அப்பா வந்து சேர்ந்தார். "எல்லாரும் வந்தாச்சா? போலாமா?" என்று ஒரு குரல். உடனே கிளம்பினோம். அடுத்த நிறுத்தத்திலும் அப்படியே.

இதை நீங்களும் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். அன்றைக்கு எனக்கு உறைக்காத ஒரு கணக்கு இதில் இருக்கிறது. மணிக்கு 20 கிலோமீட்டரில் போகிறவன் 5 கிலோமீட்டரை 15 நிமிடத்தில் முடிக்கிறான். 15 கிலோமீட்டரில் வருகிறவருக்கு 20 நிமிடம். கடைசி ஆள் வந்ததும் கிளம்பினால், வேகமானவனுக்கு ஐந்து நிமிட ஓய்வு, மெதுவானவருக்கு ஒன்றுமில்லை. யாருக்கு ஓய்வு வேண்டுமோ அவருக்கு மட்டும் அது கிடைப்பதில்லை. ஆனாலும் காத்திருந்தவர்கள் மனதில், "நாங்கதானே பொறுமையா நின்னோம்" என்ற திருப்தி.

காற்று வேறு. ஜனவரியில் வடகிழக்குப் பருவக்காற்று. சாங்கியை நோக்கிப் போகும்போது முகத்தில்தான் அடிக்கும். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போவார், ஒட்டிப் பின்னால் போகிறவருக்கு உழைப்பு கணிசமாகக் குறையும். நாங்கள் எட்டு பேர் ஒருவர் நிழலில் ஒருவர் போனோம். கூட்டத்தை விட்டு விலகியவருக்கு அந்த மறைப்பு இல்லை. அப்பா அன்றைக்கு வந்த காற்று முழுவதையும் தனியாகத்தான் வாங்கினார். மெதுவாக வந்ததால் தனியானார், தனியானதால் இன்னும் மெதுவானார். நான் படிப்பது மெக்கானிக்கல். இதை ஒரு படம் போட்டு விளக்கச் சொல்லியிருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பேன்.

தானா மேரா ஃபெரி முனையத்துப் பக்கம் நின்றோம். அதற்கப்புறம் நீண்ட நேர்சாலை, நிழல் அதிகம் கிடையாது. நாங்கள் நின்று பத்து நிமிடமாகியும் அப்பா வரவில்லை. ஒருவன் கடிகாரத்தைப் பார்த்தான். இன்னொருவன், "உங்க அப்பா ஓகேவா, ப்ரோ?" என்று கேட்டான். அவன் அக்கறையாகத்தான் கேட்டான். எனக்குத்தான் காது சூடானது.

அப்பா வந்து இறங்கினார். சட்டை நனைந்திருந்தது. முகம் சிரித்தபடிதான் இருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். "அப்பா, வெயில் ஏறிடுச்சு. நீங்க வேணும்னா மடிச்சு பஸ்ல ஏறிடுங்களேன்."

என்னை ஒரு முறை பார்த்தார். "சரிப்பா," என்றார். கைப்பிடியை இறக்கினார், நடுக்கொக்கியை விடுவித்தார், மடித்தார். நான் யூடியூப் பார்த்துச் சொல்லிக்கொடுத்த அதே வரிசை. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மீதி தூரம் நன்றாகத்தான் இருந்தது. வேகமாகப் போனோம், தலைக்கு மேல் விமானம் இறங்கியது, பாட்டுப் பாடினோம். கோயில் வாசலில்தான் சவாரியை நடத்திய அக்கா கேட்டார், "அப்பா எங்க?"

"களைச்சுட்டாங்க அக்கா. பஸ்ல போயிட்டாங்க."

"அவங்களே கேட்டாங்களா?"

நான் செருப்பைக் கழற்றுவது போலக் குனிந்துகொண்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் நண்பனிடம் இதைப் பேசினேன். அவன் என் பக்கம் நின்றான். "ஒருத்தருக்காக எட்டு பேர் மெதுவா போகணும்னா அது எப்படி நியாயம்? அவங்களும் காலையில எழுந்து வந்தவங்கதானே? உங்க அப்பாவுக்கும் நல்லதுதான், மயக்கம் போட்டிருந்தா?" என்றான். சுலபமாகத் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை இது. பயிற்சிச் சவாரி என்று அறிவித்திருந்தால் நான் அதை அப்படியே ஏற்றுக்கொள்வேன். அங்கே வேகம்தான் ஒப்பந்தம். அப்பாவுக்குத் தலை சுற்றியிருந்தால், அவர் மறுத்தாலும் பஸ்ஸில் ஏற்றுவதுதான் சரி. ஆனால் நான் எழுதிய அறிவிப்பில் வேகம் முக்கியமில்லை என்று இருந்தது. அவருக்குத் தலையும் சுற்றவில்லை. யாருடைய சங்கடத்தைத் தீர்க்க அவரை அனுப்பினேன் என்று கேட்டால், பதில் எனக்குத் தெரியும்.

கோயிலில் நின்றபோது ராமாயணம் நினைவுக்கு வரவில்லை, மகாபாரதம்தான் வந்தது. பாண்டவர்களின் கடைசி நடைப்பயணம். மகாபிரஸ்தானிக பர்வம், பதினேழாவது பர்வம். திரௌபதி விழுகிறாள். பிறகு சகாதேவன், நகுலன், அர்ச்சுனன், பீமன். யுதிஷ்டிரர் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார். ஒவ்வொருவரும் ஏன் விழுந்தார்கள் என்று காரணம் மட்டும் சொல்கிறார். இவனுக்கு அறிவுச் செருக்கு, அவனுக்கு அழகுச் செருக்கு. சின்ன வயதில் இதைக் கேட்டபோது எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. விழுந்தவரைத் தூக்காமல் காரணம் சொல்லிக்கொண்டு போகிறாரே! (நாங்களும் ஜெட்டியில் அதைத்தான் செய்தோம். "அங்கிளுக்கு கியர் இல்ல", "பிராக்டிஸ் இல்ல".)

ஆனால் அதே மனிதர், கூடவே வந்த நாயை விட்டுவிட்டுத் தேரில் ஏற மாட்டேன் என்கிறார். தம்பிகளை விட்டவன் நாயை ஏன் விடக்கூடாது என்று இந்திரன் கேட்கிறான். அவர்கள் இறந்துவிட்டார்கள், என்னால் உயிர்ப்பிக்க முடியாது, உயிரோடு இருக்கும்போது நான் அவர்களை விடவில்லை என்பது அவருடைய பதில். பல வருடங்களாக இது எனக்கு வக்கீல் வாதம் போலத்தான் பட்டது. இப்போது வேறு மாதிரி தெரிகிறது. நாய் விழவில்லை. அது இன்னும் நடந்துகொண்டிருந்தது. தேருக்குப் பொருத்தமில்லை என்பது ஒன்றுதான் அதன் குறை.

அப்பாவும் விழவில்லை. மிதித்துக்கொண்டுதான் இருந்தார்.

மடக்கு சைக்கிளில் இப்படி ஒரு சிக்கல் இருக்கிறது. சாதாரண சைக்கிள் என்றால் அப்பாவை நடுவழியில் விட்டிருக்க முடியாது. வேறு வழியில்லாமல் சேர்ந்தே போயிருப்போம், அக்கா அவரை முன்னால் விட்டு அவர் வேகத்தில் எங்களை வரச் சொல்லியிருப்பார். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற வசதியால்தான் அப்பா துணிந்து வந்தார். அதே வசதியால்தான் அவரை விலக்குவது எனக்கு இவ்வளவு சுலபமாக இருந்தது. "முடியலையா?" என்ற கேள்வியை அவர் தன்னிடம் கேட்டுக்கொள்வார் என்று நினைத்துத்தான் எழுதினேன். அதை நான் அவரிடம் கேட்டபோது அதன் பொருளே மாறிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "காத்து ரொம்பப்பா. நீ சொல்லலன்னா நானே சொல்லியிருப்பேன்," என்றார்.

அது உண்மையாக இருக்கலாம். என்னைத் தேற்றச் சொன்னதாகவும் இருக்கலாம். நான் முந்திக்கொண்டதால் இனி அது தெரியப் போவதில்லை. இன்னும் ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு அவருக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டியிருந்தால் தெரிந்திருக்கும்.

அடுத்த சவாரிக்கு இரண்டு மாற்றங்கள் செய்திருக்கிறோம். கடைசி ஆள் வந்த பிறகு பத்து நிமிட ஓய்வு, கடைசி ஆளோடு எப்போதும் இருவர். அறிவிப்பை இந்த முறை அக்கா எழுதினார். அப்பா பெயர் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டு வாசலில் குந்தி உட்கார்ந்து டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். எங்கே போறீங்க என்று கேட்டேன்.

"சும்மா, ஜெட்டி வரைக்கும். வர்றியா?"

ஹெல்மெட்டை எங்கே வைத்தேன் என்று தேடப் போனேன்.