விலங்குப் பன்மையும் படைப்பு நம்பிக்கையும்

கடவுள் விலங்குகளை இனம் இனமாகப் படைத்தார் என்கிறது ஆதியாகமத்தின் முதல் அதிகாரம். பெருவெள்ளத்தில் தப்பியவை நோவாவின் பேழையிலிருந்து இறங்கிப் பெருகின என்கிறது எட்டாம் அதிகாரம். அப்படியானால் நாட்டுக்கு நாடு விலங்குகள் வேறுபடுவது ஏன்? இக்கேள்வியைத் திருச்சபையின் அறிஞர்களே எழுப்பினர்.

தொலைதூரத் தீவுகளுக்கு ஓநாய்கள் எப்படிப் போய்ச் சேர்ந்தன என்று 5-ஆம் நூற்றாண்டில் புனித அகுஸ்தீன் ‘கடவுளின் நகரம்’ நூலில் ஆராய்ந்தார். பெருவில் பணியாற்றிய இயேசு சபைக் குரு ஹோசே தெ அகோஸ்தா, ஐரோப்பாவில் இல்லாத லாமா அங்கே வாழ்வதைக் கண்டார். விலங்குகள் அங்கே கடந்து வந்திருக்க, பழைய உலகமும் புதிய உலகமும் எங்கோ நிலத்தால் இணைந்தோ நெருங்கியோ இருக்க வேண்டும் என்று 1590-இல் எழுதினார். ஆசியாவையும் வட அமெரிக்காவையும் இணைத்த பெரிங் நிலப்பாலம் இருந்ததைப் பிற்கால அறிவியல் உறுதிசெய்தது. ஆனால் லாமா அடங்கிய ஒட்டகக் குடும்பம் பயணம் செய்த திசை வேறு. அது வட அமெரிக்காவில் தோன்றியது. ஒரு கிளை ஆசியாவுக்கும், லாமாவின் மூதாதை விலங்குகள் தென் அமெரிக்காவுக்கும் சென்றன.

1758-இல் இயற்கையியலாளர் லின்னேயஸ் பட்டியலிட்ட விலங்கினங்கள் ஏறத்தாழ 4,400. இன்று பெயரிடப்பட்டவை 10 லட்சத்தைத் தாண்டிவிட்டன. பொது மூதாதையரிடமிருந்து இனங்கள் இயற்கைத் தேர்வால் கிளைத்தன என்று 1859-இல் டார்வின் விளக்கினார். கிறிஸ்தவர் பலர் இதை மறுத்தனர். இன்றும் மறுப்போர் உண்டு. டார்வினின் நண்பரும் தாவரவியலாளருமான ஏசா கிரே, ஆழ்ந்த கிறிஸ்தவராக இருந்தே அவர் கொள்கையை ஆதரித்தார். பரிணாமம் வெறும் கருதுகோள் அல்ல என்று 1996-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கூறினார்.

இனங்கள் எவ்வாறு கிளைத்தன என்பதை ஆராய்வது அறிவியல். இத்தனை இனங்கள் இருப்பதன் பொருள் என்ன என்பது இறையியலின் கேள்வி. இதற்கு 13-ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்குவினாஸ் விடை தந்தார்: கடவுளின் நன்மையை எந்த ஒரு படைப்பும் தனித்து முழுமையாக வெளிப்படுத்த இயலாது, அதனால்தான் படைப்புகள் பல. இவ்விடை, இனங்கள் ஒரே நாளில் தோன்றினவா, கோடிக்கணக்கான ஆண்டுகளில் கிளைத்தனவா என்பதைச் சார்ந்து நிற்பதில்லை.

யோபு நூலின் இறுதி அதிகாரங்களில் கடவுள் பெருமையோடு காட்டுபவற்றில் பல, மனிதர் பழக்க முடியாத காட்டு விலங்குகள். ஆகவே விலங்கின் மதிப்பு அதன் பயனில் மட்டும் இல்லை. மனிதச் செயலால் ஓர் இனம் அழிவது கடவுளுக்குச் செலுத்தப்படும் புகழில் ஏற்படும் இழப்பு என்று 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் சுற்றுமடலில் உணர்த்தினார். அழிவின் காரணங்களை அறிவியல் காட்டுகிறது. அதைத் தடுப்பது கடமை என்று நம்பிக்கை கற்பிக்கிறது.