புத்தி காயமுற்றால் எஞ்சுவது யார்?

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கண்ட குழந்தை பிழைத்து வீடு திரும்பியதும் பெற்றோர் நேர்த்திக்கடனைச் செலுத்தி நிம்மதி அடைகின்றனர். வேறொரு துயரம் பின்னர்தான் தலைகாட்டுகிறது. மனப்பாடமாக இருந்த வாய்ப்பாடு நினைவில் நிற்பதில்லை. சிறு தடைக்கும் கோபம் பொங்குகிறது. ஓரிடத்தில் அமர முடிவதில்லை. கைகால்களில் ஊனம் ஏதும் தெரியாததால், 'சோம்பேறி', 'பிடிவாதக்காரன்' என்ற பட்டங்கள் கிடைக்கின்றன. சில வீடுகளில் அடியும் விழுகிறது.

கேரளத்தில் இந்நோய் 1996-இல் ஆலப்புழை, கோட்டயம் பகுதிகளில் பரவியது. பிற்காலத் தடுப்பூசித் திட்டத்தில் ஆலப்புழையோடு திருவனந்தபுரம் மாவட்டமும் சேர்க்கப்பட்டது. வயல்நீரில் பெருகும் கொசு, பன்றியிடமிருந்தும் நீர்ப்பறவையிடமிருந்தும் வைரஸை மனிதனுக்குக் கொண்டுவருகிறது. மனிதரிடமிருந்து மனிதருக்கு அது தொற்றுவதில்லை. ஆகவே அக்குழந்தையை ஒதுக்கி வைக்கக் காரணமே இல்லை. தொற்று ஏற்படும் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கே நோய் கடுமையாகிறது. ஆனால் மூளை அழற்சி கண்டு பிழைப்போரில் 30 முதல் 50 விழுக்காட்டினருக்கு நினைவிலோ நடத்தையிலோ உடல் இயக்கத்திலோ குறை தங்கிவிடுகிறது.

மனிதனின் சிறப்பு விவேகம் என்கின்றன நூல்கள். அந்த விவேகத்தின் கருவியையே ஒரு காய்ச்சல் சிதைத்துவிட்டால் எஞ்சுவது யார்? வேதாந்தத்தின் விடை தெளிவானது. புத்தியும் அந்தக்கரணத்தின் பகுதியே, அது ஜடம். கடோபநிஷதம் உடலைத் தேராகவும், மனத்தைக் கடிவாளமாகவும், புத்தியைத் தேரோட்டியாகவும், ஆன்மாவைத் தேரில் அமர்ந்தவனாகவும் உருவகிக்கிறது. காயமுற்றவன் தேரோட்டி, தேருக்கு உரியவனுக்குக் காயமில்லை. கருவி பழுதுபட்டதால் நேரும் தவற்றுக்குக் குழந்தையைத் தண்டிப்பது எவ்வகையிலும் நியாயமன்று.

ஆனால் அதே உபநிஷதம், விவேகமற்றவன் இலக்கை அடைவதில்லை என்றும் கூறுகிறதே! அப்படியானால் இக்குழந்தையின் பிறவி வீணா? அந்த உபதேசம் யாருக்குச் சொல்லப்பட்டது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். யமன் பேசுவது நசிகேதனிடம். கடிவாளத்தைப் பிடிக்க வல்லவன் அதை நழுவ விடலாகாது என்பதற்காக. தன்னைச் சோதித்துக்கொள்ளத் தரப்பட்ட அளவுகோலால் பிறரது பிறவியை அளப்பது சாஸ்திரத்தின் நோக்கத்துக்கே மாறானது.

'பூர்வ கர்மம்' என்னும் சொல்லும் இப்படித்தான் தவறாகக் கையாளப்படுகிறது. தன் துன்பத்தைத் தான் தாங்கப் பிராரப்தம் என்ற கருத்து துணைசெய்யும். அதையே அடுத்த வீட்டுத் தாயிடம் விளக்கமாகச் சொல்வது கொடுமை. (பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள், அதனால் அவளது வலி குறைவதில்லை.) குழந்தையைத் தடுப்பூசிக்கு அழைத்துச் செல்வதும் கர்மம்தான் என்பதை ஏனோ மறந்துவிடுகிறோம்.

ஆன்மாவுக்குக் குறையில்லை என்றால் சிகிச்சையும் பயிற்சியும் எதற்கு என்று கேட்பாரும் உண்டு. 1884-இல் தட்சிணேசுவரத்தில் ஸ்ரீராமகிருஷ்ணர், ஜீவர்களிடம் காட்ட வேண்டியது இரக்கமன்று, அவர்களைச் சிவமாகவே கண்டு செய்யும் சேவை என்று உணர்த்தினார். கேட்டுக்கொண்டிருந்த நரேந்திரர் அதில் தம் வாழ்நாள் பணியைக் கண்டார். சிவபெருமான் பூரணர்தானே, இன்று அபிஷேகம் வேண்டாம் என்று எந்த அர்ச்சகரும் சொல்வதில்லை!

அந்தச் சேவைக்கு நுட்பமான அறிவும் தேவை. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1987-இல் தொடங்கப்பட்ட குழந்தை வளர்ச்சி மையம், இரண்டு வயது வரையிலான குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்தைக் கண்டறிய 17 எளிய சோதனைகள் கொண்ட அட்டவணை ஒன்றை உருவாக்கியது. அங்கன்வாடிப் பணியாளரே சில நிமிடங்களில் அதைக் கொண்டு சோதித்துவிடலாம். காய்ச்சலுக்குப் பின் பள்ளிக்குத் திரும்பும் பெரிய குழந்தைக்கும் இத்தகைய கவனிப்பு வேண்டும்: நினைவாற்றலையும் நடத்தையையும் சோதித்தல், பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அறிவுசார் குறைபாட்டையும் ஏற்று, கல்வியை அக்குழந்தைகளின் உரிமையாக்கியுள்ளது. வகுப்பில் ஆசிரியர் ஒரு நேரத்தில் ஒரு செயலை மட்டும் சொல்லலாம். சொன்னதை எழுதியும் காட்டலாம். சிறிது நேரப் பாடத்துக்குப் பின் ஓய்வு தரலாம். சட்டைப் பொத்தானைத் தானே போடக் கற்றுக்கொள்ள அக்குழந்தைக்கு ஆறு மாதங்கள் ஆகலாம். அந்த ஆறு மாதமும் யாரேனும் ஒருவர் அதனருகில் அவசரமின்றி அமர்ந்திருக்க வேண்டும்.