சந்தேகத்தின் சாட்சியங்கள்

2004இல் தொடங்கி 2009இல் முடிந்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 'பட்டில்ஸ்டார் கலக்டிகா'. அதில் வரும் சைலன்கள் மனித உருக்கொண்ட இயந்திரங்கள். அழுவார்கள், காதலிப்பார்கள், இரத்தம் சிந்துவார்கள். பன்னிரண்டு மாதிரிகளுள் ஐந்தின் முகங்கள் நெடுநாள் மறைக்கப்பட்டிருந்தன. ரசிகர்கள் துப்பறியத் தொடங்கினார்கள். ஒரு பார்வை, ஒரு தடுமாற்றம், எல்லாமே தடயமாயின.

2007இல் நால்வர் வெளிப்பட்டனர். ஒருவர் கேணல் சோல் டை: சைலன்களின் சிறையில் ஒரு கண்ணை இழந்தவர், அவர்களுக்குத் தகவல் கொடுத்தாள் என்று மனைவிக்கே நஞ்சூட்டியவர். அவளோ இவரைக் காப்பாற்றவே கொடுத்தாள். (ஐந்தாவது சைலன் அந்த மனைவிதான் என்பது 2009இல் தெரிந்தது.)

வேடிக்கை என்னவென்றால், இந்த நால்வர் யாரென்று கதாசிரியர்கள் முடிவெடுத்ததே மூன்றாம் பருவத்தை எழுதும்போதுதான். அப்படியானால் முந்தைய பருவங்களில் இவர்களுக்கெதிராகக் கண்டெடுக்கப்பட்ட தடயங்களை அங்கே வைத்தது யார்? ஊகம் பலித்துவிட்டது என்பதற்காக அவை சாட்சியங்களாகிவிடுமா? குற்றவாளியை முதலில் தீர்மானித்துவிட்டால், அவனது தும்மலும் வாக்குமூலம்தான். தொடருக்கு வெளியேயும் இப்படித்தான் நடக்கிறது. அங்கே தண்டனை உண்மையானது.

தான் யாரென்று அறிந்த அந்த இரவில் டை ஓடவில்லை. இத்தனை காலம் எந்த அதிகாரியாக வாழ்ந்தாரோ அவராகவே இருக்கத் தீர்மானித்து, கட்டளை அறைக்குத் திரும்புகிறார். பல்லாண்டு நண்பரான அடாமாவுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.