முதல் வடமும் பழைய கடனும்

புதுச்சேரியின் வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயிலில் வைகாசிப் பெருவிழாவின் தேர் தானாகப் புறப்படாது. துணைநிலை ஆளுநர் வரவேண்டும், முதலமைச்சர் வரவேண்டும். அவர்கள் வடத்தைத் தொட்டுக் கும்பிட்டு இழுத்த பிறகே ஊர் கைவைக்கும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் அவர்களுடைய ஆளுநரே வந்து வடம் பிடித்தார். ஆட்சி மாறியது, கொடி மாறியது, மரியாதை மாறவில்லை. யார் வந்தாலும் அந்த நாற்காலிக்கு முதல் வடம் உண்டு.

பழைய கொடுமைகளுக்கு இன்றைய அரசியல்வாதிகள் மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்ற கேள்வியை இந்த வடத்திலிருந்து தொடங்குவதே சரி. கேள்வி எழுந்த உடனே வருகிற பதில், "செய்தவன் நானில்லையே" என்பது. உண்மைதான். ஆனால் தேரை உருவாக்கியவரும் அவரில்லை, பெருவிழாவை ஏற்படுத்தியவரும் அவரில்லை. நாற்காலியின் பெருமை கைமாறி வருமானால் அதன் கடனும் கூடவே வரும். அப்பன் நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டு, அப்பன் வாங்கிய கடன் எனக்குத் தெரியாது என்று கைவிரிப்பவனைப் பாகூரிலோ வில்லியனூரிலோ யாரும் நல்ல பிள்ளை என்று சொல்லமாட்டார்கள். இதை அரசுகளும் அறிந்தே இருக்கின்றன. புதுச்சேரியை இந்தியாவுக்கு விட்டுக்கொடுத்த 1956 ஒப்பந்தம், பிரெஞ்சு நிர்வாகத்தின் உரிமைகளோடு அதன் கடப்பாடுகளையும் இந்திய அரசு ஏற்கிறது என்றே எழுதிக்கொண்டது.

அந்தக் கணக்கேட்டில் இருப்பவை சிறிய கடன்கள் அல்ல. 1743-இல் புதுச்சேரி வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் ஆள்பிடிக்கும் கும்பலைப் பற்றி எழுதியிருக்கிறார். ஏதோ வேலை என்று ஏமாற்றி அழைத்துப் போவார்கள், வீட்டில் அடைத்து வைப்பார்கள், கப்பல் வந்ததும் அடிமைகளாக ஏற்றிவிடுவார்கள். புதுச்சேரியின் வேதபுரீசுவரர் கோயில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே காலத்தில், 1748-இல் இடிக்கப்பட்டதும் அதே நாட்குறிப்பில் இருக்கிறது. வில்லியனூரில் வடம் பிடித்ததும் புதுச்சேரியில் கோயிலை இடித்ததும் ஒரே ஆட்சி. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க முடியாது.

அடுத்த நூற்றாண்டில் பிரான்ஸ் தன் தீவுகளில் அடிமை முறையை 1848-இல் ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1853-இல் 'ஒரேலி' என்ற கப்பல் தமிழ்க் கூலிகளை மார்த்தினிக் தீவில் இறக்கியது. அடுத்த ஆண்டு குவாதலூப். அதற்குப் பின்னான முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகளில் குவாதலூப்புக்கு மட்டும் ஏறக்குறைய 42,000 பேர், மார்த்தினிக்குக்கு 25,000 பேர் இந்தியாவிலிருந்து போனார்கள். ரெயூனியன் தீவின் கணக்கு தனி. புதுச்சேரியும் காரைக்காலும் அந்தப் பயணத்தின் வாசல்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம் என்று சொல்லப்பட்டது. பெரும்பாலோர் திரும்பவில்லை.

2001-இல் பிரெஞ்சு நாடாளுமன்றம் இயற்றிய தோபிரா சட்டம், அடிமை வணிகத்தை மானுடத்துக்கு எதிரான குற்றம் என்று அறிவித்தது. அந்தக் குற்றத்துக்கு ஆளானோர் பட்டியலில் ஆப்பிரிக்கர், மடகாஸ்கர் மக்கள் ஆகியோரோடு இந்தியர் என்ற சொல்லும் இருக்கிறது. பாரிஸில் எழுதப்பட்ட அந்த ஒரு சொல் நம் கடற்கரைக்குரியது. அதை இங்கே எந்த மேடையிலாவது யாராவது வாசித்துக் காட்டியிருக்க வேண்டும்.

எதிர்வாதம் ஒன்று வலுவானது. மன்னிக்க வேண்டியவர் செத்துப்போனார். அவருக்குப் பதிலாக மன்னிக்கும் உரிமை பேரனுக்குக் கூட இல்லை. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அப்படியானால் தலைவர் செய்யவேண்டியது மன்னிப்பை எதிர்பார்ப்பதல்ல, செய்ததைச் செய்தோம் என்று சொல்வது. 2019-இல் ஜாலியன்வாலா பாக் படுகொலையின் நூற்றாண்டையொட்டி பிரிட்டன் பிரதமர் தெரசா மே ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார், மன்னிப்பு என்று சொல்லவில்லை. மழை பெய்யாததற்கும் வருத்தப்படலாம். வருத்தத்தில் செய்தவன் இல்லை. 2005 ஆகஸ்டில் பிரதமர் மன்மோகன் சிங் 1984 சீக்கியர் படுகொலைகளுக்காக வெட்கித் தலைகுனிகிறேன் என்று மாநிலங்களவையில் சொன்னார். சீக்கியரான அவரே தன் நாற்காலியின் பெயரால் சீக்கியரிடம் மன்னிப்புக் கேட்டார். அந்தச் சொல் நின்றது. ஆனால் அந்தப் படுகொலை வழக்கொன்றில் காங்கிரஸ்காரர் சஜ்ஜன் குமாருக்குத் தண்டனை கிடைக்க 2018 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சொல் முந்திக்கொண்டது, நீதி பின்னால் நடந்து வந்தது. அதற்காகச் சொல் வீண் என்று தள்ளிவிட மனம் வரவில்லை.

நம் பக்கத்துக் கிராமங்களில் மன்னிப்புக்கு இன்னொரு முகம் உண்டு, அதைப் பேசாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. இங்கே மன்னிப்பு எப்போதும் கீழே இருப்பவரிடம் வாங்கப்பட்டது. 2021 மே மாதம் பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தின் ஒட்டனந்தல் கிராமத்தில், கொரோனா ஊரடங்கை மீறித் திருவிழாக் கச்சேரி வைத்தார்கள் என்று தலித் பெரியவர்கள் மூவரைப் பஞ்சாயத்தில் காலில் விழ வைத்தார்கள். முதியவர்கள், நெடுஞ்சாண்கிடையாக மண்ணில். காணொளி பரவிய பிறகுதான் வழக்கு வந்தது. தலைமுறை தலைமுறையாகத் தெருவுக்குள் செருப்புப் போட்டு நடந்ததற்கும், தோளில் துண்டு போட்டதற்கும் காலில் விழ வைக்கப்பட்டவர்களிடம், விழ வைத்த பக்கத்திலிருந்து யாரும் வந்து 'தப்புப் பண்ணிட்டோம்' என்று சொன்ன வழக்கம் இல்லை. மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் வாய்திறந்து அதைச் சொல்வது, இந்த மண்ணில் நடவாத ஒன்றை நடத்திக் காட்டுவது. தலைவர்களின் மன்னிப்பை வெறும் சடங்கு என்று ஒதுக்குவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே பாரிஸை மட்டும் நோக்கிக் கைநீட்டுவது போதாது. கிராமங்களில் ஆள்சேர்த்துக் கப்பலுக்கு அனுப்பிய மேஸ்திரிகள் நம் ஆட்கள். 1819-இல் பிரெஞ்சு அரசு, இந்தியர்களை அவரவர் சாதி வழக்கப்படியே விசாரிப்போம் என்று ஆணையிட்டபோது அதில் நிம்மதி அடைந்தவர்களும் நம் ஊர்ப் பெரியதனக்காரர்கள். வெள்ளைக்காரன் கணக்கை அவன் தீர்க்கட்டும், ஊர்க் கணக்கை யார் தீர்ப்பது?

வில்லியனூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் கீழூர். 1954 அக்டோபர் 18-இல் 178 மக்கள் பிரதிநிதிகள் அங்கே கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். 1962-இல் சட்டப்படி இணைந்த நாளான ஆகஸ்ட் 16-இல் அந்த நினைவிடத்தில் ஆண்டுதோறும் கொடியேற்றி மரியாதை செய்கிறார்கள். தியாகிகளைப் போற்றுவது முறைதான். அதே காலையில், கொடி ஏறிய பிறகு, மிட்டாய் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு நிமிடம் போதும். இந்தக் கடற்கரையில் கப்பலேற்றப்பட்டவர்கள் எத்தனை பேர், யார் ஏற்றினார்கள், இந்த ஊர்களின் சேரிகளில் இருந்தவர்களுக்கு எந்தத் தெரு, எந்தக் குளம், எந்தக் கோயில் வாசல் மறுக்கப்பட்டது என்று முதலமைச்சர் எழுதிக்கொண்டு வந்து வாசிக்கலாம். மழுப்பல் இல்லாமல், ஊர்ப்பெயர் சொல்லி. முன்வரிசை நாற்காலிகளை அன்று ஒருநாள் அந்தச் சேரிகளின் கிழவிகளுக்குக் கொடுக்கலாம். அவர்கள் கேட்டுவிட்டுத் தலையாட்டலாம், ஒன்றும் சொல்லாமல் எழுந்து வீட்டுக்குப் போகலாம்.